உருளை விறகு அடுப்பும் காற்றின் அளவும்

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் மணிலாக்கொட்டைப் பயிரின் முக்கியத்துவத்தைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் வகைகள் டி. எம். வி. என்னும் பெயருடன் பல மாநிலங்களிலும் பரவியுள்ளன. ஆயின், பருப்புக்கு உள்ள மதிப்பு அதன் தோலுக்கு இல்லை. இத்தோலைத் தூளாக்கி, இயந்திரத்தில் அழுத்தி, விரற்கடை நீளமுள்ள சிறு உருளைகளாகச் செய்தால் அது நல்ல விறகாகும்.

இவ்வுருளைகளை எரிப்பதற்கெனச் சிறு விசிறி பொருத்திய அடுப்புகள் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியைக் கொண்டு செய்யப்பட்ட 'ஊர்ஜா' அடுப்பு 2006-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டிலும் வேறு சில மாநிலங்களிலும் விற்பனைக்கு வந்தது. இத்தகைய அடுப்பை வாங்கியும், "இதுவும் புகைகிறது" என்று மூலையில் வைத்துவிடுவோர் உளர். அடுப்பின்மேல் பழி சுமத்துமுன் விறகின் ஈரத்தையும் காற்றின் அளவையும் சோதித்தல் அவசியம். பெரும்பாலும் குற்றம் இவ்விரண்டில் ஒன்றிலேயே இருக்கும்.

உருளையின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டது சூட்டினால் ஆவியாய் வெளியேறும் பொருளாகும். அவ்வாவி முற்றும் எரிந்தால் ஜ்வாலை. எரியாது போனால் புகை. அடிக்காற்று உருளைகளைக் கனியச் செய்கிறது. மேல்துளைகளின் வழியே வரும் காற்று ஆவியை எரிக்கிறது. ஆகையால் மேல்துளைகள் மூடும்படி உருளைகளைக் குவித்தல் கூடாது. மேலிருந்தே பற்றவைத்து, தீ நன்றாகப் பிடித்த பின் விசிறியைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

ஜ்வாலையே அளவுகோல். அது சிவந்து, சோம்பி, நுனியில் கரி கக்கிப் பாத்திரத்தைக் கறுப்பாக்குமானால் காற்றுப் போதவில்லை. குட்டையாகி இரைந்து, சாம்பலை வாரி இறைக்குமானால் காற்று மிகுதி, உஷ்ணமும் வீணாகும். பிரகாசமான மஞ்சள் நிறத்துடன் நிதானமாக எரிவதே சரியான நிலை. திருகைச் சிறிதளவே திருப்பி, சில நிமிஷங்கள் பொறுத்துப் பார்த்த பின்னரே மறுபடி திருப்ப வேண்டும்.

எத்திருகும் ஈர விறகைத் திருத்தாது. கொதிநிலையிலுள்ள ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே ஏறக்குறைய 540 கிலோ கலோரி உஷ்ணம் செலவாகும். இப்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அக்காலத்தில் ஈரம் தாக்கினால் உருளைகள் ஊதி உதிர்ந்து, தூள் காற்றுவழியை அடைக்கும். தரையில் படாமல் பலகைமேல் மூட்டைகளை அடுக்கி, தூளைச் சலித்து நீக்கிய பின் உபயோகிப்பது நலம். மண் ஒட்டிய தோலில் செய்த உருளை சாம்பலை மிகுவிக்கும், கட்டியும் தட்டும். எனவே தோலைப் புடைத்து மண்ணை அகற்றிக் கொடுப்பது நிலமுடையோர் கடமை. அடுப்பு ஆறிய பின் சாம்பலை வாரித் துளைகளைத் துடைப்பது அன்றாட வேலையாக வேண்டும்.

புகை நின்றதும் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணலாகாது. கடைசியில் எஞ்சும் தணலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத விஷவாயு வெளிப்படும். ஜன்னலைத் திறந்து வைத்தே சமைக்க வேண்டும். தணலை மூடிய அறையில் வைத்தலாகாது.

எரிவாயு உருளை வந்துவிட்ட காலத்தில் இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். செலவை எண்ணி விறகடுப்பையும் கைவிடாத வீடுகள் இன்றும் பல. வீட்டுப் புகையினால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. அப்புகையை அதிகம் சுவாசிப்போர் அடுப்பருகே நிற்கும் பெண்களும் அவர்கள் இடுப்பிலுள்ள குழந்தைகளுமே.

அடுப்பை வழங்கிக் கணக்கெழுதுவதோடு காரியம் முடிந்துவிடாது. கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் ஊருக்கு ஊர் செய்முறை காட்டி, சமைப்பவர் கையாலேயே திருகைத் திருப்பிப் பழகச் செய்தல் வேண்டும். சந்தேகம் தீர்க்க அடுத்த வாரம் மீண்டும் ஒருமுறை சென்று பார்ப்பதும் அவசியம். காற்றின் அளவை அறியாதவர் வீட்டில் புது அடுப்பும் பழைய அடுப்பாகவே புகையும்.