"சூப்பர் மச்சி" என்பது விமர்சனம் இல்லை

ஐஎஃப்காம்ப் என்று ஒரு போட்டி 1995-லிருந்து வருஷா வருஷம் நடக்குது. இன்டராக்டிவ் ஃபிக்‌ஷன், அதாவது எழுத்தை வெச்சே ஆடுற கேம்களுக்கான போட்டி. திரையில் கதை வரும். "ஓபன் டோர்" என்று டைப் பண்ணினா கதவு திறக்கும். சில கேம்களில் லிங்க்கை கிளிக் பண்ணினா போதும். பெரும்பாலும் எழுதுறவங்க நம்மள மாதிரி அமெச்சூர்கள்தான்.

ஜட்ஜ் யாரு? யார் வேணும்னாலும் ஆகலாம். குறைந்தது 5 கேம்களுக்கு 1 முதல் 10 வரை மார்க் போடணும். ஒரு கேமை முதல் 2 மணி நேரம் ஆடியதை வெச்சுத்தான் மார்க். 2020-ல் மட்டும் 103 கேம்கள் வந்தன. ஒருத்தரே எல்லாத்தையும் ஆடி முடிக்கறது கஷ்டம். அதனால ஒவ்வொரு கேமுக்கும் கிடைக்கிற நாலு வரி விமர்சனம்கூட பெரிய விஷயம்.

அந்த நாலு வரியைத்தான் நாம வீணடிக்கிறோம் என்பது என் கருத்து.

ஒரு வகை, "ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்தானே, நல்ல முயற்சி" என்று 8 போடுறது. இன்னொரு வகை, நாலு பேர் சிரிக்கட்டும்னு கிழிச்சுத் தொங்கவிடுறது. ரெண்டுலயும் தெரியறது விமர்சகர்தான், கேம் இல்லை.

உதவுற விமர்சனம் இப்படி இருக்கும்: "இருட்டு அறையில் 'லைட் லேம்ப்' என்றேன், புரியலன்னு சொல்லுச்சு. 'பர்ன்' என்றேன், அதுவும் இல்லை. 'டர்ன் ஆன்' என்றதும் எரிஞ்சுது. அதுக்குள்ள இருபது நிமிஷம் போச்சு." வினைச்சொல்லைக் கண்டுபிடிக்கிற இந்தத் தொல்லை, டைப் பண்ணி ஆடுற கேம்களின் பழைய வியாதி. எழுதினவருக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா சரியான சொல் அவருக்கு ஏற்கெனவே தெரியும். நம்ம கோடுல இருக்கிற பக் நம்ம லேப்டாப்ல மட்டும் வராத கதைதான். இந்த கேம்கள் பலவற்றில், நாம டைப் பண்ணினது முழுக்க ஒரு ஃபைலில் சேவ் ஆகும். அதை அனுப்பினாலே பத்து பாராட்டுக்குச் சமம்.

ரசனை வேறுபடுமே? படட்டும். 1998-ல் ஜெயிச்ச ஆடம் கேட்ரேவின் 'ஃபோட்டோபியா'வில் புதிர் என்று சொல்ல பெரிசா எதுவும் இல்லை. புதிருக்காகவே ஆடுறவர் "இது கேமே இல்லை" என்பார். கதைக்காக ஆடுறவர் கண்கலங்குவார். மார்க்குகளின் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் அதிகமா இருக்கிற கேமுக்கு 'கோல்டன் பனானா ஆஃப் டிஸ்கார்ட்' என்று தனி விருதே உண்டு! அதனால உனக்கு என்ன பிடிக்கும் என்பதை முதல்லயே சொல்லிடு. படிக்கிறவங்க அதுக்கேத்த மாதிரி எடுத்துப்பாங்க.

இது கேமோட முடியற விஷயம் இல்லை. ப்ராஜெக்ட் ரிவ்யூவில் "குட், இன்னும் இம்ப்ரூவ் பண்ணுங்க" என்று கேட்டுட்டு வெளியே வந்திருக்கோம். எதை இம்ப்ரூவ் பண்றது? காசு வாங்காம ராத்திரி கண்முழிச்சு ஒண்ணைச் செஞ்சவருக்குக் கிடைக்கிற ஒரே கூலி, யாரோ ஒருத்தர் அதைக் கவனிச்சுப் பார்த்தார் என்பதுதான். ஜூனியர் ஒருத்தன் தன் கேமையோ குறும்படத்தையோ காட்டினா, எந்த இடத்துல சிக்கினோம், எந்த இடத்துல அசந்துபோனோம்னு ரெண்டு வரி சொல்லுங்க. "சூப்பர் மச்சி"யை அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்.