பனிமலைக்குப் புறப்படுமுன்

ஆறு பெரும்பொழுதுகளுள் இரண்டுக்குப் பனியின் பெயரையே இட்டு வைத்தனர் நம் முன்னோர். முன்பனி, பின்பனி என அவர்கள் கூறியது புல் நுனியிலே நிற்கும் நீர்த்துளியை. மார்கழி விடியற்காலையில் திருவெம்பாவைப் பூசைக்குச் செல்வோர் தலையிலே துண்டைப் போர்த்துக்கொள்ளும்படி செய்யும் அந்தப் பனியை. யாழ்ப்பாணத்தவர் அறிந்த குளிர் அவ்வளவே. வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி, முழங்காலளவு குவிந்து, மாதக்கணக்கில் உருகாது கிடக்கும் பொருளுக்கும் அதே சொல்லைத்தான் நாம் வழங்குகின்றோம். சொல் பழகியதாயிருப்பதனால் பொருளும் பழகியதே என்று எண்ணிவிடுகின்றோம் போலும்.

அண்மையில் நம் பழைய மாணவர் ஒருவர் தந்தையாருடன் நம்மைக் காண வந்திருந்தார். ஒஸ்லோ நகரில் வாழும் தமையனார், வரும் உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்குத் தம்பியை அழைத்திருக்கின்றார். குடும்பத்தோடு மலையிலே ஒரு கிழமை தங்கிப் பனிச்சறுக்கு விளையாடுவதாக ஏற்பாடு. "இவனுக்கு என்ன குறை, சேர்? காற்பந்து விளையாடுகிறவன். இரண்டு நாளிலே பழகிவிடுவான். அங்கே என்ரை பேரப்பிள்ளைகளே சறுக்குகிறார்கள்" என்றார் தந்தையார் பெருமிதத்துடன். மாணவர் வாய் திறக்கவில்லை. பேரப்பிள்ளைகள் சறுக்கும் மலையில் சிறிய தகப்பன் விழுந்தெழும்பினால் குடும்ப மானம் என்னாவது என்ற கவலை அவர் முகத்திலே நன்றாகத் தெரிந்தது. இத்தகைய அழைப்புக்கள் இப்பொழுது பல வீடுகளுக்கு வருவதால், அவருக்குக் கூறியவற்றைச் சிறிது விரித்து இங்கே எழுதுகின்றோம்.

நோர்வே நாடு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராசேந்திரம் 1956ஆம் ஆண்டிலேயே அங்கு சென்றவர். அந்நாட்டு மக்களின் உதவியைத் திரட்டி 1967இல் அவர் தொடக்கிவைத்த சீநோர் நிறுவனத்தைக் காரைநகரார் நன்கறிவர். பின்னர்ப் போர்க்காலத்தில் நம் இளைஞர் பலர் அந்நாட்டின் வடகோடியிலுள்ள மீன் தொழிற்சாலைகளிற் கடுங்குளிரில் நின்று வேலை செய்தனர். அவர்களின் பிள்ளைகளுக்கோ பனி முற்றத்து மணல் போன்றது. பாலர் பாடசாலையிலேயே ஆசிரியர் அவர்களைச் சறுக்க அழைத்துச் செல்வார். நோர்வேக்காரர் காலிலே சறுக்குக்கட்டையுடன் பிறக்கின்றனர் என்பது அவ்வூர்ப் பழமொழி. ஆகவே பேரப்பிள்ளைகளோடு போட்டியிடும் எண்ணத்தை இங்கேயே விட்டுச் செல்வது, பயண ஆயத்தத்தின் முதற்பகுதி.

'ஸ்கீ' என்ற சொல்லுக்கு அவர்களின் பழைய மொழியிலே பிளந்த மரத்துண்டு என்பது பொருள். ஆதியில் அது பனிக்காட்டிலே வேட்டைக்கும் பயணத்துக்கும் உதவிய கருவி. அதனை மலைச்சரிவில் வளைந்து திரும்பும் கலையாக வளர்த்தவருள் முதன்மையானவர், தெலமார்க் பகுதியில் 1825இற் பிறந்த சொன்ட்ரே நோர்ஹைம் என்னும் ஏழைக் குடியானவர். முறுக்கிய மரவேரினால் குதிக்காலையும் கட்டையோடு பிணைத்தார் அவர். அதனாலே கட்டை காலின் ஏவலுக்குப் பணிந்தது. இன்றும் இருவகைச் சறுக்கல் உண்டு. சமவெளியிலும் மேட்டிலும் மெல்லிய கட்டையுடன் நடந்து செல்வது ஒன்று. அதிலே குதிக்கால் மேலெழும்பும். தூக்கியில் ஏறி மலையுச்சியை அடைந்து செங்குத்தான சரிவில் இறங்குவது மற்றையது. இதிலே பாதம் முழுவதும் கட்டையோடு பூட்டப்பட்டிருக்கும். உறவினர் "சறுக்கப் போகலாம்" என்று எழுதினால், இவ்விரண்டில் எது என்று கேட்டறிந்துகொள்ளுதல் வேண்டும். கேளாமற் போய், பூங்காவுக்குச் செல்வதாக எண்ணி மலைமுகட்டிலே நின்றவர் உண்டு.

இனி உடம்பைப் பற்றிச் சொல்லவேண்டும். மலையே இல்லாத குடாநாட்டில் மலைக்கு எவ்வாறு பழகுவது? சறுக்கி இறங்குபவன் முழங்காலைச் சிறிது மடித்து, அரைவாசி இருந்தவாறே நெடுநேரம் நிற்கின்றான். தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகின்றது. ஏற்றத்தைவிட இறக்கமே தசையை வருத்துவது இதனாலேதான். சிவனொளிபாத மலையின் 2,243 மீற்றர் உயரத்தை உற்சாகமாக ஏறியவர், இறங்கும்போது கால் நடுங்கிப் படியிலே குந்திவிடுவதைக் கண்டிருக்கலாம். இத்தசைக்கு நம்மிடம் ஒரு நல்ல பயிற்சி இருக்கின்றது. பிள்ளையார் சந்நிதியிலே இடும் தோப்புக்கரணத்தையே கூறுகின்றோம். மெதுவாக இருந்து மெதுவாக எழும்பவேண்டும். விரைவில் எண்ணிக்கையை முடித்து ஓடிவிடும் பரீட்சைக் காலத்து நேர்த்திக்கடன் இதற்கு உதவாது. துவிச்சக்கர வண்டியை எடுத்து வல்லை வெளியில் எதிர்காற்றை முகங்கொண்டு மிதிப்பதும் நன்று. வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணற்குன்றுகள் இருக்கின்றன. காலை வெயில் ஏறுமுன் அவற்றில் ஏறி இறங்குவதை ஒத்த பயிற்சி குடாநாட்டில் வேறில்லை. காலின் கீழே நிலம் நழுவுவதும் அதில் ஓரளவு பழகிப்போகும். ஆறு அல்லது எட்டுக் கிழமையாவது இவ்வாறு செய்தல் வேண்டும். விமானச் சீட்டு வாங்கிய பின்னர் மூன்று நாள் ஓடுவது பயன்தராது. நோவோடு விமானம் ஏறலாம், அவ்வளவே.

உடையைப் பற்றி ஒரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். நமது வெயிலுக்குப் பருத்தியைப் போன்ற உடை வேறில்லை. வியர்வையை உறிஞ்சி வைத்திருந்து உடலைக் குளிரச் செய்வது அதன் குணம். பனிமலையிலே அக்குணமே பகையாகிவிடுகின்றது. சறுக்குபவனுக்கும் வியர்க்கும், நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக்கொள்ளும், நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே உடலையொட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைச்சட்டை, அதன் மேலே தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத அங்கி என மூன்று படையாக அணிவர். வெப்பம் மிகுந்தால் ஒன்றைக் கழற்றலாம். குளிருக்கு அஞ்சி இரண்டு மூன்று காலுறைகளைப் போடுவது நம்மவர் வழக்கம். அது பாதத்தை நெருக்கி இரத்தவோட்டத்தைக் குறைத்து மேலும் விறைக்கச் செய்யும். பொருத்தமான ஒரு சோடி போதும். சறுக்குக்கட்டை, சப்பாத்து, தலைக்கவசம் ஆகியவற்றை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். முதன்முறை போகின்றவர் கடன்பட்டு அவற்றை வாங்குவது வீண்பகட்டு என்பதே எமது கருத்து. பெண் பிள்ளைகள் கூந்தலையும் கழுத்துச் சால்வையையும் அங்கியினுள்ளே செருகிக்கொள்ள வேண்டும். தூக்கியிலே அவை சிக்குண்டால் ஆபத்து.

குளிர் நாட்டிலே வெயில் என்ன செய்யும் என்று கேட்பவரும் உளர். புதுப்பனி தன்மேல் விழும் புறவூதாக் கதிர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பதைத் திருப்பி எறிகின்றது. மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து ஒரு வெயில். கறுத்த மூக்குக்கண்ணாடியின்றி ஒரு பகல் நின்றவர், இரவிலே கண்ணுள் மணல் கொட்டியதுபோல் வருந்துவர். நமது தோலின் நிறம் நம்மை முற்றாகக் காப்பாற்றும் என்று நம்பியிருத்தலும் தவறு. குளிரிலே தாகம் தோன்றாது. ஆயினும் உடல் நீரை இழந்துகொண்டேயிருக்கும். சட்டைப்பையிலே சிறிது பனங்கட்டியும் இரண்டு எள்ளுருண்டையும் வைத்துக்கொண்டால், அவ்வூரார் உண்ணும் சொக்கலேற்றுக்கு அவை சற்றும் இளைத்தவையல்ல. விரதநாளில் வெறும் வயிற்றோடு மலையேறுவதை மட்டும் நாம் ஒப்புக்கொள்ளோம்.

இன்னொன்று காப்புறுதி. நோர்வே முதலிய செங்கன் நாடுகளுக்கு விசா பெற, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். ஆனால் எல்லாக் காப்புறுதியும் பனிச்சறுக்கு விபத்தை உள்ளடக்குவதில்லை. சிறிய எழுத்தில் உள்ளதைப் படித்து, வேண்டுமாயின் மேலதிகக் கட்டணம் செலுத்தி அதனைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

மலையிலே முதல் இரண்டு மூன்று நாளும் ஆசிரியரிடம் படிக்கவேண்டும். தமையனார் எவ்வளவு வல்லவராயினும் அவர் ஆசிரியராகார். அண்ணன் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வீடுகளில் நடந்தது எதுவென்று நாம் அறிவோம். முதலிற் கற்பிக்கப்படுவது நிற்கும் வித்தை. கட்டைகளின் முன்நுனிகளை நெருக்கிப் பின்நுனிகளை அகற்றினால் வேகம் தணியும். அந்நிலைக்குக் கலப்பை என்று பெயரிட்டிருக்கின்றனர் அந்நாட்டவர். சரிவைக் கண்டு அஞ்சுபவன் உடலைப் பின்னே சாய்ப்பான். சாய்த்தவுடன் கட்டை அவன் சொற்கேளாது. அஞ்சும் திசையை நோக்கியே சிறிது முன் சாயவேண்டும் என்பதுதான் இக்கலையில் மனம் ஏற்க மறுக்கும் பாடம். அங்கே ஊதுகுழலும் இல்லை. முன்னே செல்பவனுக்கே உரிமை. பின்னால் வருபவன்தான் விலகவேண்டும். நிற்பதாயின் ஓரத்திலே நிற்கவேண்டும். கஸ்தூரியார் வீதி நடுவே வண்டியை நிறுத்திச் சுகம் விசாரிக்கும் நம் வழக்கம் அங்கே எலும்பை முறிக்கும். சரிவுகளைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என வகுத்திருப்பர். பச்சை இலகுவானது, கறுப்பு வல்லவர்க்கு உரியது.

இவையனைத்தையும் கேட்ட பின்னும் நம் மாணவரின் முகம் தெளியவில்லை. அவருடைய அச்சம் பனியைப் பற்றியதன்று. "முடியாது" என்று சொல்ல நேர்வதைப் பற்றியது. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே கூறினோம். பரீட்சையில் இடைநடுவே எழும்பக்கூடாது என்று பிள்ளைகளை வளர்க்கும் சமுதாயம் நமது. மலையை அறிந்த சமுதாயமோ வேறுவிதமாக வளர்க்கின்றது. நோர்வேயில் 1952இல் மலைநடத்தை விதிகளை வகுத்தனர். 1967ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையிலே பதினெண்மர் மலைகளில் மாண்ட பின்னர், அவ்விதிகளை நாடெங்கும் பரப்பினர். சொக்கலேற்று உறையின் உட்புறத்திலும் அவற்றை அச்சிட்டனர். நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது அவற்றுள் ஒன்று. பள்ளிப்பிள்ளையும் இதனை அறியும்.

அந்நாட்டின் பெருவீரர் அமுன்சென் தென்துருவத்துக்கு முதலிற் புறப்பட்டது 1911 செப்ரெம்பரில். குளிர் சுழியத்துக்குக் கீழே ஐம்பது பாகையையும் கடந்தது, நாய்கள் வருந்தின. போட்டியாக ஆங்கிலேயர் குழு ஒன்று இருந்தும் அவர் திரும்பிவிட்டார். ஒக்ரோபரில் மீண்டும் புறப்பட்டு, திசெம்பர் 14ஆம் நாள் சறுக்குக்கட்டைகளோடும் நாய்வண்டிகளோடும் துருவத்தை அடைந்தார். உடன் சென்ற நால்வரும் உயிரோடு மீண்டனர். நம் நாட்டு ஜொஹான் பீரிஸ் 2016இல் எவறெஸ்ற்றில் ஏறத்தாழ 8,400 மீற்றர்வரை ஏறி, உயிர்வாயு வசதி குறைந்ததனால் உச்சியைக் கண்டும் இறங்கினார். அதே பயணத்தில் ஜெயந்தி குரு உதும்பல உச்சியை அடைந்தார். உடன் வந்தவர் வெல்லத் தாம் இறங்குவது எளிதன்று. 2018இல் பீரிஸ் மறுபடி சென்று உச்சியிலே நின்றார்.

இவற்றைச் சொல்லிவிட்டு, தந்தையாரிடம் ஒரு வாக்குறுதி கேட்டோம். தொலைபேசியில் மகனோடு பேசும்போது "எத்தனையாம் உயரத்திலிருந்து இறங்கினாய்?" என்று கேட்கக்கூடாது, "சாப்பிட்டாயா, கைகால் சுகமா?" என்று மட்டுமே கேட்கவேண்டும். அவர் சிரித்தார், ஆயினும் வாக்களித்தார்.

வெளிநாட்டில் இருக்கும் தமையன்மாருக்கும் சிற்றப்பன்மாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வந்தவருக்குக் காட்சி காட்டும் ஆசையினால், முதல்நாளே அவரைத் தூக்கியில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோகவேண்டாம். மேலே செல்லுவதற்குத் திறமை தேவையில்லை, இறங்குவதற்கே தேவை. மாலையில் "இன்னும் ஒரேயொரு முறை" என்று இழுக்கவும் வேண்டாம். களைத்த காலோடு இறங்கும்போது முழங்காலின் தசைநார் அறுவதுண்டு. எவரேனும் உச்சியிலே அகப்பட்டுவிட்டால், கட்டைகளைக் கழற்றி, சரிவின் ஓரத்துக்கு வந்து நின்று, சரிவுக் காவலரை அழைக்கலாம். அவர்கள் ஏசமாட்டார்கள். இழுவைப் படுக்கையிலே கிடத்திப் பக்குவமாகக் கீழே கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் நாள்தோறும் செய்யும் வேலை.