அரிக்கொம்பனை மீட்டார்களா?

யானையை லாரியில் ஏற்றும் வீடியோவுக்கு இங்கே மெல்பர்னில் என் நண்பர்கள் 'மீட்பு' என்று லைக் போடுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. கேரளத்துச் சின்னக்கானலில் ரேஷன் அரிசியைத் தேடித் தின்றவன் அரிக்கொம்பன். 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரே மாதத்தில் கம்பம் தெருக்களில் ஓடினான். ஒருவர் இறந்தார். அங்கே என் அப்பத்தா கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். ஜூனில் மறுபடி ஊசி, மறுபடி லாரி, இந்த முறை களக்காடு முண்டந்துறை.

யானைகள் நடமாடும் சின்னக்கானலில் நிலமில்லாத பழங்குடி மக்களைக் குடியேற்றியது அரசு. பயந்து வாழ்ந்தது அந்த மக்கள், ஊசி வாங்கியது யானை. அரசுக்கு என்ன ஆனது? ஒன்றும் இல்லை. அரிக்கொம்பன் போனபிறகும் சின்னக்கானலில் சக்கக்கொம்பன் சுற்றினான். அவனுக்கும் லாரி கேட்பீர்களா?