வாசித்த வழியை ஏன் அழிக்கிறீர்கள்?

நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருப்பார்கள் என்று வெளியே ஒரு நினைப்பு. உண்மையில் நாங்கள் அதிகமும் வாசிக்கிறவர்கள். யாரோ எப்போதோ எழுதிய ஒரு ஃபங்ஷன், அது அழைக்கும் இன்னொன்று, அங்கிருந்து வேறொரு ஃபைல் என்று தாவித்தாவிப் போகிற வாசிப்பு. பத்துத் தாவலுக்குப் பிறகு, 'ஆமா, எதைத் தேடி இங்க வந்தோம்?' என்று முழிப்பது அன்றாடம்.

என் சண்டை எடிட்டர்களோடு. எழுதியதை அவை பத்திரமாகக் காக்கின்றன. 2006இல் வந்த விம் 7.0 முதல் அதன் அன்டூ ஒரு மரம். பின்னால் போய் வேறு மாதிரி எழுதினாலும், முன்பு எழுதியது ஒரு கிளையாக அங்கேயே இருக்கும். வாசிப்புக்கு அந்த மரியாதை இல்லை. பல எடிட்டர்களில் நாலு தாவல் பின்னால் வந்து வேறு பக்கம் திரும்பினால், ஏற்கெனவே பார்த்த அந்த நாலு இடமும் போச்சு. ஈமேக்ஸின் மார்க் ரிங், நாம் மாற்றாதவரை, 16 இடங்களோடு நின்றுவிடும். விம்மின் ஜம்ப்லிஸ்ட் கொஞ்சம் தாராளம். ஒரு விண்டோவுக்கு 100 இடம். ஆனால் ஒரே வரிக்குத் திரும்ப வந்தால் பழைய பதிவை எடுத்துவிடும்.

ஒரு வரிக்கு மூன்று முறை திரும்புகிறேன் என்றால், என் குழப்பமே அங்கேதான் இருக்கிறது. அதை உபரி என்று துடைத்தால் எப்படி?

'முக்கியமான இடத்துல புக்மார்க் வெச்சுக்க வேண்டியதுதானே' என்பார்கள். எது முக்கியம் என்று முதலிலேயே தெரிந்தால் தேடவே வேண்டாமே! கிட்டில் எல்லாம் பதிவாகிறதே என்பார்கள். அதில் இருப்பது முடிவு. ஒரு வரியைத் திருத்த முப்பது ஃபைல் படித்தவரும், குருட்டாம்போக்கில் திருத்தியவரும் அங்கே ஒன்றுதான்.

வாசிப்பையும் மரமாக வையுங்கள். எங்கிருந்து எங்கே போனேன், எங்கே முட்டித் திரும்பினேன், எல்லாம் கிளைகளாக இருக்கட்டும். அந்த மரம் என் கணினியில், என் கைவசம் மட்டும் இருக்க வேண்டும். மேனேஜர் பார்வைக்குப் போனால் அதன் பெயர் வேவு.

புரிந்துகொள்வதும் வேலைதான் சார். அதற்குத் தடயமே இல்லாவிட்டால், 'ஒரு வரிக்கா ரெண்டு நாள்?' என்று கேட்பவரிடம் எதைக் காட்டுவது?