திரையில் கண்ட கடல்

படக்காட்சி பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று அஞ்சும் பெற்றோர் உளர். எல்லாப் படங்களையும் அவ்வாறு ஒதுக்குதல் தகாது என்பது எமது கருத்து. 'மியூட்டினி ஆன் தி பவுண்டி' என்னும் பழைய ஹாலிவுட் படத்தை இதற்குச் சான்றாகக் கூறலாம். 1935ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படம், அவ்வாண்டின் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. இத்தகைய படம் நகரத் திரையரங்கிற்கு வருமாயின், பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஆனால், வீடு திரும்பியதும் வரலாற்று நூலையும் அவர்கள் கையில் கொடுங்கள்.

ஏன் எனில், படம் கூறுவது யாவும் உண்மையன்று. அதில் கப்பல் தலைவர் பிளை ஈவிரக்கமற்ற கொடியவர். அவரை எதிர்த்துக் கலகம் செய்த கிறிஸ்டியன் மாவீரர். மாலுமி ஒருவரைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் அடியே இழுக்கும் காட்சி நெஞ்சை நடுங்கச் செய்யும். பவுண்டி கப்பலில் அது நடக்கவேயில்லை. கலகக்காரரைத் தேடிப் பிளையே மீண்டும் வந்தார் என்பதும் கற்பனை. வந்தவர் எட்வர்ட்ஸ் என்னும் வேறொரு தலைவர்.

1789 ஏப்ரல் 28ஆம் நாள், பிளையும் அவருடன் 18 பேரும் 23 அடி நீளமுள்ள படகில் நடுக்கடலில் விடப்பட்டனர். ஏறத்தாழ 3,600 கடல் மைல் கடந்து, ஜூன் 14ஆம் நாள் தீமோர் தீவின் கூப்பாங் துறையை அடைந்தனர். வழியில் ஒரு தீவில் தாக்குண்டு மாண்ட ஒருவரைத் தவிர, ஏனையோர் அனைவரும் உயிருடன் கரை சேர்ந்தனர். பிளையின் கடுஞ்சொல்லை வரலாறு மறைக்கவில்லை. அவரது ஆற்றலையும் மறைக்கவில்லை.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். கப்பல் எதற்காகப் புறப்பட்டது? நாம் 'சுக்குன்' என்று அழைக்கும் ஈரப்பலாவின் கன்றுகளைத் தஹித்தியிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு செல்வதற்காக. அங்குக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தோர்க்கு மலிவான உணவாக அதனைக் கொடுக்க முதலாளிமார் எண்ணினர். 1793இல் பிளையே வேறொரு கப்பலில் அக்கன்றுகளைக் கொண்டு சேர்த்தார். தலைவரையும் கலகக்காரரையும் உலகம் இன்றும் பேசுகிறது. அந்தத் தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்களை யார் பேசுகின்றனர்? தோட்டத்து உழைப்பின் அருமையை அறிந்த நம் பெற்றோர், இக்கேள்வியைத் தம் பிள்ளைகளிடம் கேட்பாராக.

மாணவச் செல்வங்களே! கடற்படம் ஒன்றைக் கண்டால், மறுநாளே பள்ளி நூலகத்தில் உலகப் படத்தை விரித்துத் தஹித்தியையும் தீமோரையும் தேடுங்கள். எது நடந்தது, எது புனைந்தது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அவ்வாறு கேட்கும் பிள்ளையை எந்தப் படமும் கெடுத்துவிடாது.