சாம்பல் மேட்டில் ஒரு பச்சை இலை

"அம்மா, நம்ம ஊர்ல எரிமலை இருக்கா?"

அடுப்பில் பால் பொங்கி வருகிற நேரம் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு இந்த மாதிரிக் கேள்விகள் வரும்! "திருவொற்றியூர்லே எரிமலைக்கு எங்கேடா போறது? கடலும் கம்பெனியும்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பாலை இறக்கினேன். நாலாம் வகுப்புப் படிக்கிற மகன் விடுவதாக இல்லை. பள்ளிக்கூடத்தில் எரிமலைப் பாடம் நடந்திருக்கிறது. "சாம்பல் கொட்டுமாம், மரமெல்லாம் செத்துப் போகுமாம். அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு மறுபடி முளைக்குமாம். அதை நடந்து போய்ப் பார்க்கணும்மா!"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தாமலே, "சாம்பல்தானே? எண்ணூருக்குக் கூட்டிட்டுப் போயேன்" என்றார்.

கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏன் தைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உண்மையில் எரிமலை நமக்கு அவ்வளவு தூரத்து விஷயம் இல்லை, சகோதரிகளே. நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பல் போகிறதல்லவா? அந்த அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் பாரன் தீவு இருக்கிறது. இந்தியாவில் உயிரோடு இருக்கிற ஒரே எரிமலை அதுதான். அது வெடித்ததாக முதன்முதலில் குறிப்பு எழுதப்பட்டது 1787-ல். நெடுங்காலம் உறங்கிவிட்டு 1991-ல் மறுபடி விழித்துக்கொண்டது. படகில் இருந்தபடியேதான் பார்க்கலாம். கரை இறங்க அனுமதி இல்லை.

நடந்து பார்க்கிற எரிமலை என்றால் அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் மலையைச் சொல்லலாம். 1980 மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 8.32-க்கு அது வெடித்தது. 57 பேர் மாண்டார்கள். 9,677 அடி உயரமிருந்த மலை 8,363 அடியாகக் குறைந்து போயிற்று. காடெல்லாம் சாய்ந்து, சுற்றிலும் சாம்பல் பாலைவனம். 'இனி இங்கே புல் முளைக்குமா?' என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் இரண்டே வருஷத்தில் அந்தச் சாம்பல் வெளியில் ஒரு சின்னச் செடி ஊதாப் பூவோடு நின்றது. லூபின் என்று பெயர். அது யார் தெரியுமா? நம் பச்சைப்பயறு, தட்டாம்பயறு, அவரைக்கெல்லாம் சொந்தக்காரி! காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் சேர்த்து, சத்தில்லாத மண்ணுக்குத் தானே சத்து கொடுக்கும் குடும்பம். அது மடிந்து மக்கிய இடத்தில் மற்ற செடிகள் வந்தன. மண்ணுக்கடியில் வளைக்குள் இருந்ததால் தப்பித்த கோஃபர் என்ற எலி போன்ற பிராணி, அடியில் புதைந்த நல்ல மண்ணை மேலே தள்ளிக் கொடுத்தது.

1982-ல் அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். அதன் பெரும்பகுதியில் மனிதர்கள் கை வைக்காமல், 'அதுவாகவே தேறி வரட்டும்' என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் போகிறவர்கள் போட்ட பாதையில்தான் நடக்க வேண்டும். முளைத்து வருவதை மிதித்துவிடக் கூடாதே!

இதையெல்லாம் மகனுக்குச் சொன்னேன். "அப்போ எண்ணூர்ல?" என்றான். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

ஏன் தைத்தது என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? எங்கள் தெருவுக்கு எண்ணூர்க் குப்பத்திலிருந்து ஒரு மீன்கார அம்மா வருவார். என் மாமியார் காலத்திலிருந்து வாடிக்கை. நான் பிள்ளை பெற்று வந்தபோது, பால் சுரக்கட்டும் என்று பால்சுறா தேடிக் கொண்டுவந்து புட்டு செய்யச் சொல்லிக் கொடுத்தவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது, மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் போய்ச் சேர்ந்தது நினைவிருக்கும். படகும் வலையும் கறுத்துப் போயின. கூழைக்கடாப் பறவைகள் இறகெல்லாம் எண்ணெயோடு நின்ற படங்கள் பேப்பரில் வந்தன. அன்றிலிருந்து, "எண்ணூர் மீனா? வேண்டாம்மா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். ஒரு வாரம், இரண்டு வாரமா? மாசக் கணக்கில்! பிறகு அவர் எங்கள் தெருப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். நானும் ஏன் என்று விசாரிக்கவில்லை.

ரயிலில் எண்ணூரில் இறங்கி முகத்துவாரம் பக்கம் நடந்தோம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கிற இடம். நல்ல வேளையாக வெயில் ஏறவில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, தூரத்தில் வடசென்னை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். "அம்மா, அதுதான் எரிமலையா?" என்றான் மகன். சிரிப்பு வந்தாலும் அவன் கேட்டதில் பொருள் இருக்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட சாம்பலாகவே மிஞ்சும். 1970-ல் உற்பத்தியைத் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. 1990-களில் வந்த வடசென்னை நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்புவது வழக்கம். அந்தக் குழாய்கள் கசிந்த இடங்களில் சாம்பல் ஆற்றிலேயே படிந்துவிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம் இது. ஆள் முங்கும் ஆழம் இருந்த இடத்தில் இன்று முழங்கால் அளவுதான் தண்ணீர் என்று மீனவர்கள் சொல்கிறார்கள்.

வலை உலர்த்தியிருந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்து கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். பார்த்தால்... எங்கள் மீன்கார அம்மா! எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவரே கூப்பிட்டார்.

"இன்னாம்மா, வழி தப்பி வந்துட்டியா? இது யாரு, சின்னவனா? இன்னாடா கண்ணு, இம்மாம் ஒசரம் வளந்துட்டே!"

"எரிமலை பாக்க வந்தோம், ஆயா" என்றான் மகன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். விஷயத்தை விளக்கினேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். "வா கண்ணு, காட்டறேன்" என்று எழுந்து எங்களுக்கு முன்னால் நடந்தார்.

கரையோரமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு மேடு. மேலே காய்ந்து தரை மாதிரி இருந்தது. மகன் கால் வைக்கப் போனவனை வெடுக்கென்று இழுத்தார். "மேலதான் கெட்டி. உள்ள கொழகொழன்னு இருக்கும், காலை உட்டா இழுத்துக்கும்." அந்த மேட்டின் ஓரத்தில், சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தன. அலையாத்தி மரத்தின் வேர்கள்! சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேரை மேலே நீட்டி மூச்சு விடுகிற மரம் அது. எண்ணெய் வந்து அந்த வேர்களில் அப்பினால் மூக்கைப் பொத்தினாற்போலத்தான். சில மரங்கள் பட்டுப் போய் நின்றன. அடிமரத்தில் கறுப்புக் கோடு இன்னும் தெரிந்தது.

ஆனால் பட்ட மரத்தின் காலடியில் ஒரு சாண் உயரக் கன்று ஒன்று, இரண்டு பச்சை இலையோடு! அலையாத்தியின் விதை, தாய் மரத்தில் இருக்கும்போதே முளைக்கத் தொடங்கி விடுமாம். ஓரளவு தேறிய பிறகுதான் தாய் கீழே விடுமாம். அலை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அங்கே வேர் பிடிக்கும். பிள்ளை பெற்ற நமக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? பக்கத்திலேயே சின்ன நண்டுகள் வளைக்குள் ஓடி ஒளிந்தன. மண்ணைப் புரட்டிக் காற்றோட்டம் தருவது இந்த நண்டுதான். செயின்ட் ஹெலன்ஸுக்கு ஒரு கோஃபர் என்றால் நம் எண்ணூருக்கு ஒரு நண்டு!

"அப்போ இதுவும் தானா சரியாயிடுமா, ஆயா?" என்றான் மகன்.

"மலை ஒரு தபா கொட்டிட்டு ஓஞ்சிடுச்சு, அது சரியாயிடும் கண்ணு. இங்க கொட்டறது நின்னாத்தானே?"

படிப்பறிவில்லாத அம்மாள் ஒரே வரியில் சொல்லிவிட்டார். எரிமலையை யாரும் நிறுத்த முடியாது. விலகி நின்றால் போதும். இங்கே விலகி நின்றால் போதாது. குழாய் கசியாமல் இருக்க வேண்டும், படிந்த சாம்பலை அள்ள வேண்டும், அலை தடையில்லாமல் உள்ளே வந்து போக வேண்டும். அப்புறம் அந்தக் கன்று தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் சரி, 2023-லும் சரி, வாளியும் மக்குமாக இறங்கி அள்ளியவர்களில் இந்தக் குப்பத்து ஜனங்கள் உண்டு. நாம்? மீன் வாங்குவதை நிறுத்தினோம்.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன். "அட, உடும்மா. புள்ளைங்க வயிறு, பயம் இருக்கத்தான் செய்யும். ஆனா நான் அப்போ வித்தது காசிமேட்டு மீனு. எத்தினி தபா சொன்னேன், நீ காதுலயே வாங்கிக்கலியே!" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மீன் விஷயத்தில் என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். பயத்தையும் வைத்துக்கொள்வோம், விவரத்தையும் தெரிந்துகொள்வோம். 'எங்கே பிடித்தது?' என்று கேளுங்கள். ஆழ்கடலில் பிடித்துக் காசிமேட்டில் இறங்கும் மீன் வேறு, கழிமுகத்து மீன் வேறு. மண்ணெண்ணெய் வாடை அடித்தால் வாங்க வேண்டாம். மஞ்சளும் புளியும் வாடையை மறைக்குமே தவிர, எண்ணெயையும் ஈயம் போன்ற உலோகங்களையும் போக்காது. வேக வைத்தாலும் போகாது. மட்டி, ஆளி போன்றவை தண்ணீரை வடிகட்டியே உயிர் வாழ்பவை. அழுக்கு அவற்றில் சேரும். ஆகவே ஆலைக் கழிவு கலக்கும் இடத்து மட்டி, ஆளி, நண்டைக் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் தவிர்ப்பது நல்லது. ஒரே மீனை வாரம் முழுதும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குங்கள்.

நீங்களும் குழந்தைகளோடு போவதானால் சில குறிப்புகள்:

காலையிலேயே போய்விட்டு வெயில் ஏறுமுன் திரும்புங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் காய்ந்த சாம்பல் பறக்கும்; அன்றைக்கு வேண்டாம். மழைக்காலத்திலும் வேண்டாம்.

முழுக்கால் சட்டையும் மூடிய ஷூவும் போடுங்கள். சாம்பல் சேற்றில் இறங்கவே கூடாது. அலை ஏறும் நேரத்தை அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகனைப் போல இழுப்பு உள்ள குழந்தையானால், முன்பே டாக்டரைக் கேட்டுவிட்டு, இன்ஹேலரைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தானையால் மூக்கைப் பொத்தினால் நுண்ணிய தூசு நிற்காது. என்-95 முகக்கவசம்தான் உதவும். முகத்தோடு படிந்து நிற்காவிட்டால் அதுவும் வீண்.

தண்ணீரும் மோரும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். திரும்பி வந்ததும் துணிகளை வெளியிலேயே உதறி, தனியாக அலசுங்கள்.

அந்தப் பக்கமே குடியிருப்பவர்கள் வீட்டைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசு எழும்பிக் குழந்தையின் மூக்குக்குத்தான் போகும். ஈரத்துணியால் துடைப்பதே மேல்.

வீட்டுக்கு வந்ததும் மகன் படம் வரைந்தான். உச்சியில் புகை விடும் மலை. அடியில் இரண்டு இலையோடு ஒரு கன்று. பக்கத்தில் கூடையோடு ஒரு பாட்டி. "எரிமலைக்குப் பக்கத்திலே ஆயா எதுக்குடா?" என்றேன். "அந்தச் செடியை யாரும் மிதிக்காம பாத்துக்கத்தான்" என்றான்.

இப்போதெல்லாம் வியாழக்கிழமை காலையில் எங்கள் வாசலில் மறுபடியும் குரல் கேட்கிறது. "இன்னாம்மா, சங்கரா இருக்கு, காசிமேட்டுது, வேணுமா?"

கூடையை இறக்க ஒரு கை கொடுக்க நானே ஓடுகிறேன்.