வாசல் இருக்கிறது... பாலம் எங்கே?



இந்த மலருக்குக் கட்டுரை கேட்டு நம் யூனியன் செயலாளர் இரண்டு முறை வகுப்புக்கே வந்துவிட்டார். "கோட்டையைப் பத்தி எழுதேன்" என்றார். கோட்டையைப் பற்றி எழுத இந்த ஊரில் ஆளுக்கா பஞ்சம்? 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்த பிறகு, பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவர்கூட வரலாற்று ஆசிரியராகிவிட்டார். நான் எழுத வந்தது வேறு விஷயம். இருந்தாலும் செயலாளர் மனம் கோணாமல் கோட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ராஜகிரி உச்சிவரை ஏறியவர்களுக்குத் தெரியும். மூச்சு வாங்கப் படியேறி, "அப்பாடா, வந்துட்டோம்" என்று நினைக்கிற இடத்தில் பாறை பிளந்து ஒரு பள்ளம் கிடக்கும். அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது. எதிரே வாசல் கண்ணுக்குத் தெரியும், கால்தான் போகாது.

டிப்ளமோ முடித்து பி.இ. சேருகிற நம்முடைய நிலைமையும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

வாசல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பத்தாவது முடித்து மூன்று வருட டிப்ளமோ படித்தவர் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். நாம் 'லேட்டரல் என்ட்ரி' என்கிறோம், வீட்டில் 'டைரக்ட் செகண்ட் இயர்' என்கிறார்கள். ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி, ஒரு கல்லூரிக்கு அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதம் வரை நமக்கு உண்டு. முதலாண்டில் நிரம்பாமல் கிடக்கும் இடங்களும் நமக்கு வரும். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இதற்கு 'ஈசெட்' என்று தனி நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். நம் தமிழ்நாட்டில் அது கிடையாது. டிப்ளமோ மார்க்கை வைத்தே ரேங்க், ரேங்க்கை வைத்துக் கவுன்சலிங். நமக்குப் பக்கத்திலேயே திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. இவ்வளவு அகலமான வாசல் பல மாநிலங்களில் இல்லை. இதை மனசாரப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்புறம் என்ன குறை என்கிறீர்களா?

நம் மெக்கானிக்கல் சீனியர் ஒருவர். பெயர் வேண்டாம், உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். டிப்ளமோவில் 90 சதவீதத்துக்கு மேல். அப்பா மல்லாட்டை மூட்டையைக் கமிட்டியில் போட்டுவிட்டு வந்த கையோடு மகனுக்குக் கல்லூரிப் பணம் கட்டினார். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார் அந்த அண்ணன். "எப்படிண்ணா போகுது காலேஜு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டேய், லேத்துல நான்தான்டா வாத்தியார். எம்-3-ல நான்தான்டா கடைசி பெஞ்ச்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அரியர் இரண்டு வைத்திருக்கிறார், அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

எம்-3 என்றால் மூன்றாம் செமஸ்டர் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் மெக்கானிக்கல், சிவில்காரர்களுக்கு அது டிரான்ஸ்ஃபார்ம்ஸ், பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ். ஃபூரியர் சீரிஸ், ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம், இசட் டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் அதற்குள் வரும். பிளஸ் டூ படித்து வந்த பையன் அங்கே உட்காருவதற்கு முன்னால் இரண்டு வருடம் மேல்நிலைக் கணக்கும், பி.இ. முதலாண்டில் இரண்டு செமஸ்டர் கணக்கும் முடித்திருப்பான். நாம்? நமக்குக் கணக்கு என்பது பெரும்பாலும் டிப்ளமோ முதலாண்டோடு முடிந்துபோகிறது. அதன்பிறகு இரண்டு வருடம் ஒர்க்ஷாப், லேப், டிராயிங், பிராஜெக்ட். இன்டக்ரேஷன் சூத்திரம் எல்லாம் மூளையில் துருப்பிடித்த பிறகு, நேராகக் கொண்டுபோய் ஃபூரியர் முன்னால் நிறுத்துகிறார்கள். பாலத்தை எடுத்துவிட்ட பள்ளம் என்று நான் சொன்னது இதைத்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அதே மூன்றாம் செமஸ்டரில் மெக்கானிக்கலுக்கு மேனுஃபேக்சரிங் பாடம் உண்டு, அதற்கு லேப் உண்டு, மெஷின் டிராயிங் உண்டு. லேத்தில் டேப்பர் டர்னிங், த்ரெட் கட்டிங் என்று மூன்று வருடம் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு வந்தவன் அங்கே மறுபடியும் ஃபேஸிங்கில் ஆரம்பிக்கிறான். தெரிந்ததைத் திரும்பப் படிக்க நேரம் கொடுக்கிறார்கள். தெரியாததைப் படிக்க ஒரு மணி நேரம்கூடக் கொடுப்பதில்லை. இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. விதி எழுதியவர்கள் வருடத்தை எண்ணினார்கள், பாடத்தை எண்ணவில்லை. 'மூன்று வருட டிப்ளமோ = பி.இ. முதல் வருடம்' என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார்கள். எனக்கு இருக்கிற சண்டை இந்த ஒரு வரியோடுதான்.

வெளிநாட்டில் எப்படி என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் 'கம்யூனிட்டி காலேஜ்' என்று ஒன்று உண்டு. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஊரில் தொடங்கியது. வீட்டுக்குப் பக்கத்தில் குறைந்த செலவில் இரண்டு வருடம் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு மாறி மீதி இரண்டு வருடம் படிக்கலாம். கலிபோர்னியாவில் 1960-ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே, இப்படி மாறி வருகிறவர்களுக்குப் பல்கலைக்கழகங்களில் இடம் ஒதுக்கிவிட்டார்கள். நான் வியந்தது இடத்தைப் பார்த்து அல்ல, பட்டியலைப் பார்த்து. எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று வரி வரியாக எழுதி, 'அசிஸ்ட்' என்ற பெயரில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். சேருவதற்கு முன்பே மாணவனுக்குத் தெரியும், எது செல்லும், எது செல்லாது, எதைக் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்று.

அவ்வளவு செய்தும் அங்கே எல்லாம் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். 2024-இல் வெளியான ஆய்வின்படி, கம்யூனிட்டி காலேஜில் சேருகிறவர்களில் மூன்றில் ஒருவர்தான் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார். ஆறு வருடத்துக்குள் பட்டம் வாங்குகிறவர்கள் 16 சதவீதம்தான். பட்டியல் போட்ட ஊரிலேயே இந்த நிலைமை என்றால், பட்டியலே இல்லாத நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

சிங்கப்பூர் இன்னும் நமக்கு நெருக்கம். அங்கேயும் பத்து வருடப் பள்ளிக்குப் பிறகு மூன்று வருட பாலிடெக்னிக். அங்கிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு ஏற்கெனவே படித்த பாடங்களில் விலக்கு கொடுக்கிறார்கள். மிச்சமாகிற நேரத்தை வேறு பாடத்துக்குப் பயன்படுத்தலாம். நான் கேட்பதும் இவ்வளவுதான்.

வெளிநாட்டுப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் பஸ் ஸ்டாண்டில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? '2+2! இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் அமெரிக்காவில்!' என்று பளபளப்பான காகிதம், சுதந்திர தேவி சிலை படம் வேறு. நம் பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் முன்பணம் கட்டிவிட்டு வந்தார். பிறகு போய், "என் டிப்ளமோவுல எந்தெந்தப் பாடத்தை அங்க ஏத்துக்குவாங்க?" என்று கேட்டபோது, "அதெல்லாம் அங்க போனப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வந்ததாம். பணம் இன்னும் திரும்பவில்லை.

2+2 என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. மணிபாலில் 1994-இலிருந்தே அப்படி ஒரு ஏற்பாடு நடந்தது, மாணவர்கள் போனார்கள், படித்தார்கள். ஆனால் விதியைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். யு.ஜி.சி.யின் 2022 ஒழுங்குமுறைப்படி 'ட்வின்னிங்' என்றால் பட்டம் கொடுப்பது இந்தியக் கல்வி நிறுவனம். வெளிநாட்டில் படிக்கும் பகுதி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே பாதிக்குப் பாதி என்று நோட்டீஸ் சொன்னால், பட்டம் யார் தருகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், எந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று அந்தப் பல்கலைக்கழகமே எழுதித் தர வேண்டும். நடுவில் நிற்கிற ஏஜென்ட் எழுதித் தந்தால் செல்லாது. "பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிடலாம்" என்பதையும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் மாணவர் விசாவில் போனவர் முதல் வருடம் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க முடியாது. வளாகத்துக்குள்ளும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான்.

எழுதிக் கொடுத்த கதவே சில சமயம் மூடிக்கொள்கிறது. நம் அப்பாக்கள் காலத்தில் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனவர்கள், இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்திய ஏ.எம்.ஐ.இ. எழுதி பட்டதாரி இன்ஜினியர்களுக்குச் சமமாக உயர்ந்தார்கள். 31.5.2013 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் இப்போது அந்தச் சமநிலை உண்டு. பார்ட் டைம் பி.இ. இருக்கிறது, கோவை, சேலம் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு நல்லது. மாலை வகுப்புக்காக செஞ்சியிலிருந்து தினமும் யார் போய் வர முடியும்? ஆக நமக்கு மிச்சம் இருப்பது லேட்டரல் என்ட்ரிதான். அதனால்தான் இதைச் சரி செய் என்று உரக்கக் கேட்கிறேன்.

"அரியர் வந்தா என்னடா, எல்லாருக்கும்தான் வருது" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். ஆனா பிளஸ் டூ வழியில் வந்தவனுக்கு எட்டு செமஸ்டர். தட்டுத் தடுமாறிப் பழக முதல் வருடம் இருக்கிறது. நமக்கு ஆறே செமஸ்டர். சேர்ந்த அன்றே ஓட வேண்டும். அரியரோடு கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போனால் பல கம்பெனிகள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். நம் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்கா இரண்டு அரியர் வைத்ததும் "படிச்சது போதும், வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று வருட டிப்ளமோ முதல் வகுப்பு எந்தக் கணக்கிலும் வரவில்லை.

யூனியன் இந்த வருடம் ஒரு தீர்மானம் போட்டு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்ப வேண்டும். பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டு ஒரு பட்டியல் வெளியிடச் சொல்லுங்கள். நாம் ஏற்கெனவே செய்த ஒர்க்ஷாப், டிராயிங் லேப்களில் விலக்குக் கொடுத்து, அந்த மணி நேரத்தில் விட்டுப்போன கணக்கை நடத்தச் சொல்லுங்கள். சலுகை கேட்பதாக யாராவது சொன்னால், ஒரு மார்க்கும் நாம் கூடக் கேட்கவில்லை என்று சொல்லுங்கள்.

தீர்மானத்துக்குப் பதில் வருவதற்குள் நாம் பாஸாகிப் போய்விடுவோம், அது எனக்கும் தெரியும். அதனால் நாமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் தேர்வு முடிகிறது. பி.இ. வகுப்பு தொடங்க எப்படியும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அந்த நாட்களில் நாம் செல்போனும் கையுமாகத்தான் இருக்கப் போகிறோம். மேட்ரிசஸ், இன்டக்ரேஷன், டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் இந்த மூன்றை மட்டும் தினம் இரண்டு மணி நேரம் பார்த்தால், ஃபூரியர் சீரிஸ் கரும்பலகையில் வரும்போது குறைந்தபட்சம் பேனாவைத் திறக்கவாவது முடியும்.

நம் கணக்கு சாரிடம் பேசிவிட்டேன். சம்பளம் வேண்டாம் என்றார். "பதினஞ்சு பேராவது சேத்துக்கிட்டு வா, பாதியில ஓடக் கூடாது" என்பது மட்டும்தான் நிபந்தனை. இதுவரை பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கமிட்டிக்காரர் மகன், அதான் அந்த இரண்டு அரியர் அண்ணன், தன் நோட்டு முழுவதையும் ஜெராக்ஸ் எடுக்கத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து தானும் நம்மோடு படிப்பாராம். இன்னும் நாலு பேர் வேண்டும். இறுதியாண்டு மெக்கானிக்கல், 'பி' பிரிவு, ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் இருப்பேன். மதிய இடைவேளையில் வந்து பெயர் கொடுங்கள்.